பெரிய தொர கதவச் சாத்திக்கிட்டாரு

அப்புடியா சொன்னா மேட்டு லயத்துக்காரி? ஆயாக்காவுக்கு மண்ட கொழம்பிப் போயிருந்துச்சுன்னா? போயிறாத புஷ்பம், இப்புடி இஸ்தோப்புத் திண்ணையில ஒக்காரு. நீ ரத்தோட்டப் பக்கம் இருந்து வாக்கப்பட்டு வந்து மூணு மாசந்தான் ஆவுது. ஆயாக்கா மூஞ்சியக்கூட பாத்ததில்ல. பாக்காத ஆளப் பத்தி ஒருத்தி வாய்க்கு வந்தத சொன்னா, அத அப்புடியே தூக்கிட்டு வந்துருவியா? இந்தா, பிளேன்டி குடி. சீனி தீந்துருச்சு, கருப்பட்டித் துண்ட கடிச்சுக்க.

அவளுக்கு என்ன கோவம்னு எனக்குத் தெரியாதா? அவ மாமனாரு ஒரு நா மத்தியானம் வாயப் பொளந்துக்கிட்டு வாசல்ல படுத்திருந்தாரு. அந்த வழியா போன ஆயாக்கா சும்மா போவாம, குனிஞ்சு அவரு மூக்குக்கிட்ட பொறங்கைய வச்சிருச்சு, மூச்சு வருதான்னு பாக்க. அந்த மனுசன் கண்ணத் தொறந்தா மூஞ்சிக்கு நேரா ஒரு கை. "ஐயோ பேயி"ன்னு அவரு கத்துன கத்துல லயத்து வரிசை வீட்டு நாயி அத்தனையும் கொலச்சிருச்சு. ஆயாக்கா அசரணுமே! "இருக்கீங்களா? சரி, படுங்க"ன்னுட்டு போய்க்கிட்டே இருந்துச்சு.

அதாம்மா ஆயாக்கா. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல, அதுக்குக் கொறஞ்சும் இல்ல.

அது பேரு எனக்குத் தெரியாது. சிரிக்காத, நெசமாத்தான். நம்ம தோட்டத்துப் புள்ளக்காம்பராவுல முப்பது வருசம் ஆயாவா இருந்துச்சு. நாங்கல்லாம் கொழுந்து எடுக்க மலைக்குப் போகையில கைப்புள்ளைகள அதுகிட்டதான் விட்டுட்டுப் போவோம். புள்ளைகளுக்கு ஆயாம்மா, எங்களுக்கு ஆயாக்கா, தொரைக்கு ஆயா. பேரு எதுக்கு?

மத்தியானம் பாலு குடுக்கப் போனா பாக்கணும். கம்பியில வரிசையாச் சேலைத் தொட்டிலு தொங்கும். எல்லாம் தூங்கும். ஆயாக்கா மட்டும் ஒவ்வொரு தொட்டிலா சேலைய வெலக்கி, பொறங்கைய மூக்குக்கிட்ட வச்சு, ஒரு மூச்சு விட்டு அடுத்த மூச்சு வர்ற வரைக்கும் நிக்கும். கடைசித் தொட்டிலு முடிஞ்சா மறுபடி மொதத் தொட்டிலு. நான் கேட்டேன்: "ஏக்கா, அதுதான் தூங்குதுன்னு கண்ணாலயே தெரியுதே, என்னத்துக்கு இப்புடி சுத்திச் சுத்தி வர்ற?"

"கண்ணு அவசரக்காரன்டி. கைதான் நெதானம்" அப்புடின்னுச்சு.

சும்மா படுத்துருக்குற எதப் பாத்தாலும் விடாது. ஒரு வருசம் தண்ணி இல்லாம கீழ் மலை தேயிலை எல்லாம் கருகிப் போச்சு. புடுங்கிட்டு வேற வைக்கணும்னு கணக்கப்புள்ள ஆளு விட்டாரு. இது வேல முடிஞ்சு போற போக்குல ஒவ்வொரு செடியா நின்னு பட்டைய நகத்தால கீறிப் பாக்குது. "இது பச்ச. இது பச்ச. இது போச்சு. இது பச்ச." கணக்கப்புள்ளைக்கு வந்துச்சே கோவம்! "நீ புள்ளைகளப் பாரு, தேயிலைய நாங்க பாத்துக்குறோம்"ன்னாரு. "நீங்க பாத்தீங்க ஐயா, தொட்டீங்களா?"ன்னு கேட்டுச்சு. அந்தாளு அந்தாண்ட போனதும் தானும் ஒண்ணக் கீறிப் பாத்தாரு. நாங்க கண்டுட்டோம்.

எங்க வீட்டு மனுசன் கதைய சொல்றேன் கேளு. கோயில் திருவிழா. சாமி ஊர்வலம் லயத்தச் சுத்தி வருது. இவரு எங்கேயோ போயி கசிப்புச் சாராயத்தப் போட்டுட்டு, தண்ணி போற கான்ல மல்லாக்க விழுந்து கெடக்குறாரு. யாரோ ஓடியாந்து, "அக்கா, மாமா போயிட்டாரு!"ன்னுட்டா. நான் விழுந்தடிச்சுப் போயிப் பாக்குறேன். மூஞ்சி வெளுத்துக் கெடக்கு, கையி ஜில்லுன்னு இருக்கு. கான் தண்ணியில கெடந்தா கையி ஜில்லுன்னு இல்லாம? அது எனக்கு அப்பத் தோணல. தலைய விரிச்சுப் போட்டுட்டு ஒப்பாரி எடுத்துட்டேன். எனக்குத்தான் ஒப்பாரி நல்லா வருமே, எல்கடுவப் பூராவும் கேட்டுப் பாரு. "தேரு போல வந்தியளே, தெருவுல சாஞ்சியளே"ன்னு நான் ஏத்தி எடுக்குறேன், சுத்தி நிக்கிறவளுகளும் கூடச் சேந்துட்டாளுக.

ஆயாக்கா கூட்டத்த வெலக்கிட்டு வந்துச்சு. மூக்குக்கிட்ட கைய வச்சிச்சு. காது மடலப் புடிச்சு நறுக்குன்னு கிள்ளுச்சு. மனுசன் "ஸ்ஸ்"ன்னாரு.

"ஏ புள்ள, நிறுத்து. ஒம் புருசனுக்குத் தாகம், அவ்வளவுதான்" அப்புடின்னுச்சு.

அவரு ஒரு கண்ண மட்டும் தொறந்து என்ன சொன்னாரு தெரியுமா? "நல்லாத்தானே பாடுன, ஏன் நிறுத்திட்ட?" அன்னைக்கு நான் அவர அடிச்ச அடிக்கு நெசமாவே போயிருக்கணும்.

நெசமாப் போனது அதுக்கு ஆறு வருசம் கழிச்சு. காலையில எழும்பி தண்ணி கேட்டாரு. நான் கொண்டு வர்றதுக்குள்ள செவத்துல சாஞ்சுட்டாரு. எனக்கு வாயே வரல புஷ்பம். முந்தி ஒரு தடவ ஏமாந்தவ இல்லையா? சனம் வந்து நிக்குது, நான் அப்புடியே ஒக்காந்திருக்கேன். ஆயாக்கா வந்துச்சு. பொறங்கைய வச்சிச்சு. எடுக்கல. ரொம்ப நேரம் எடுக்கல. அப்புறம் என் பக்கம் திரும்பி, என் தலைய இழுத்துத் தன் தோள்ல சாச்சுக்கிட்டு, "இப்பப் பாடு புள்ள"ன்னுச்சு.

அது சொன்னதுக்கு அப்புறந்தான் எனக்கு அழுகையே வந்துச்சு.

சரி சரி, கண்ணத் தொடச்சுக்க. நான் சொல்ல வந்தது அது இல்ல. நத்தைக் கதையச் சொல்ல வந்தேன். ஆயாக்கா நத்தைக்கு வைத்தியம் பாத்துச்சுன்னு மேட்டு லயத்துக்காரி சொன்னாள்ல, அது நெசம். நம்ம வீட்டுக் காம்பராவுலதான் நடந்துச்சு.

எங்க பேத்தி தர்ஷினிக்கு அப்ப ஏழு வயசு. எம் மக அந்த வருசந்தான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனா. இவ அப்பன் கொழும்புல கடையில நிக்கிறான், மாசத்துக்கு ஒரு தடவ எட்டிப் பாப்பான். புள்ள என்கூட. அவ அம்மா போற அன்னைக்கு விடியக்காலையில, புள்ள தூங்கிக்கிட்டு இருக்கும்போதே கெளம்பிட்டா. எழும்பி அழுதா என்ன பண்றதுன்னு நாந்தான் எழுப்ப வேணாம்னேன். காலையில எழும்பி அம்மா எங்கன்னு கேட்டா. "கண்டிக்குப் போயிருக்கு புள்ள, நாளைக்கு வந்துரும்"ன்னேன். வேற என்ன சொல்லச் சொல்ற? வாயில அதுதான் வந்துச்சு. அந்தப் புள்ள ஒரு கெழம முச்சூடும் பள்ளிக்கூடம் விட்டு நேரா கீழ ரோட்டுக்குப் போயி, கண்டி பஸ்ஸு வர்ற வரைக்கும் நின்னுக்கிட்டு இருந்துச்சு. ஒவ்வொரு நாளும். கெழம முடிஞ்சதும் போறத நிறுத்திட்டா. அம்மாவப் பத்திக் கேக்குறதையும் நிறுத்திட்டா. நான் எது சொன்னாலும் ஒரு பார்வ பாப்பா. "சோத்துல மொளகா போடல"ன்னாக்கூட மொதல்ல ஒரு பருக்கைய நாக்குல வச்சுப் பாத்துட்டுத்தான் திம்பா.

அப்பதான் எங்கிருந்தோ ஒரு நத்தையப் புடிச்சிட்டு வந்தா. இந்தத் தண்டிக்கு, முழுசா வளந்த நத்தை. நம்ம போஞ்சிப் பாத்தியத் திங்கிற நத்தைக்கு நான் ஒரு பக்கம் உப்பத் தூவிச் சாவடிக்கிறேன், இவ ஒரு பக்கம் ஐஸ்கிரீம் டப்பாவுல வச்சு கோவா எலை குடுத்து வளக்குறா! பேரு வேற. பெரிய தொர. ஏன்டி தோட்டத்த நடத்துற தொர பேருன்னா, "பங்களாவ விட்டு எறங்கவே மாட்டாரு, மெதுவா நடப்பாரு, நம்மளப் பாத்தா உள்ள போயிருவாரு"ன்னா. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு வலிச்சிருச்சு. அம்மா போனதுக்கு அப்புறம் அவளும் அன்னைக்குத்தான் சிரிச்சா. அதுக்காகவே இருந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன்.

மாசி மாசம், வெயிலு கொளுத்துது. பெரிய தொர உள்ள போனாரு. வெளிய வரல. ரெண்டு நாளு, நாலு நாளு, ரெண்டு கெழம. கூட்டு வாயில வெள்ளையா ஒரு தாளு ஒட்டுன மாதிரி மூடிக்கிட்டு, காஞ்சு கெடக்கு. தட்டுனா டொக்குன்னு சத்தம் வருது. நான் பாத்தேன், சரி, முடிஞ்சு போச்சு.

"அம்மாயி, இது தூங்குதா, செத்துருச்சா?"ன்னு கேட்டா.

"தூங்குது புள்ள. நாளைக்கு எழும்பிரும்."

அந்தப் பார்வ பாத்தா. "நெசத்தச் சொல்லு. கண்டிக்குப் போயிருச்சுன்னு மட்டும் சொல்லாத"ன்னா.

ஏழு வயசு புஷ்பம். நாளைக்கு எழும்பலன்னா இந்தப் புள்ள இனி எம் பேச்ச சாவுற வரைக்கும் நம்பாதே. என்ன பண்ணலாம்னு விடிய விடிய யோசிச்சு, என் மூளைக்கு எட்டுனத பண்ணேன். அவ பள்ளிக்கூடம் போனதும் பீலிக்கரையில தண்ணி சொட்டுற எடத்துக்குப் போயி, ஈரச் சாக்குக்கு அடியில இருந்து அதே தண்டிக்கு ஒரு நத்தையப் புடிச்சேன். டப்பாவுல விட்டேன். பழசக் கொண்டு போயி குப்பைக் குழியில வீசிட்டேன். நத்தையில என்ன ஆளு அடையாளம்? எல்லாம் ஒண்ணுதானே?

சாயங்காலம் புள்ள வந்தா. புதுசு ஜோரா கொம்ப நீட்டிக்கிட்டு டப்பா செவத்துல ஏறுது. "பாத்தியா, எழும்பிருச்சு, நான் சொன்னேன்ல"ன்னேன். அவ டப்பாகிட்ட குனிஞ்சா. கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம் டப்பாவத் தூக்கிக்கிட்டு வெளிய போனா. சந்தோசத்துல காட்டப் போறான்னு நெனச்சேன், ரொட்டிக்கு மாவு பெசஞ்சுக்கிட்டு நானும் சந்தோசமா இருந்தேன்.

கொஞ்ச நேரத்துல ஆயாக்கா தனியா வருது. வாசல்ல நின்னுக்கிட்டே கேக்குது:

"பழச எங்கடி போட்ட?"

எனக்குக் கையெல்லாம் மாவு. "எது பழசு?"ன்னேன்.

"நடிக்காத. இது வேற நத்தை, பெரிய தொரைக்குக் கூட்டு வாயில ஓரம் ஒடஞ்ச ஒரு செதுக்கு இருக்கும்னு அந்தப் புள்ள எங்கிட்ட வந்து சொல்லுது. 'அம்மாயிகிட்ட கேட்டா மறுபடி எதாச்சும் சொல்லும், நீங்க கேளுங்க ஆயாம்மா'ன்னு சொல்லுது. எங்க போட்ட?"

மாவுக் கையோட கூட்டிட்டுப் போனேன். குப்பைக் குழி எப்புடி இருக்கும்னு ஒனக்குத் தெரியும். லயத்துல இருக்குற அத்தனை பேரும் உப்புப் போட்டுக் கொன்ன நத்தைய அங்கதான் கொட்டுறோம். கூடு கூடா, நூத்துக் கணக்குல கெடக்கு. "இதுல எங்கன்னு தேடுறது, விட்டுரு"ன்னேன். ஆயாக்கா சேலைய இடுப்புல சொருகிட்டு எறங்கிருச்சு. ஒவ்வொண்ணா எடுக்குது. உள்ளங்கையில வச்சுக் கனம் பாக்குது. மோந்து பாக்குது. "இது காலி. இது நாறுது. இது காலி." மூக்கச் சுளிக்கல, ஒண்ணுமில்ல, கொழுந்து நிறுக்குற மாதிரி.

எனக்கு வெக்கமாவும் இருக்கு, கோவமாவும் இருக்கு. "உசுரு இருக்கா இல்லையான்னு இப்புடி தோண்டிப் பாக்குறியே, ஒனக்கு அலுக்கவே அலுக்காதா?"ன்னு கேட்டுட்டேன்.

அது நிமிராம, கையில இருந்த கூட்ட மோந்துக்கிட்டே சொல்லுச்சு: "ஒரே ஒரு தடவ பாக்காம விட்டேன்டி."

யாரு, எப்பன்னு நான் கேக்கல. அதும் சொல்லல. நானும் குழிக்குள்ள எறங்கித் தேட ஆரம்பிச்சேன்.

எங் கைக்குத்தான் கெடச்சுச்சு. வாயில செதுக்கு, வெள்ளக் கதவு. ஆயாக்கா வாங்கிக் கனம் பாத்துச்சு, மோந்துச்சு. "நாறல. கனம் இருக்கு. பாரு, உள்ள போயிக் கதவச் சாத்தியிருக்கு. செத்தவன் எந்திரிச்சுக் கதவச் சாத்துவானா?"

"அப்ப உசுரோட இருக்கு!"ன்னு நான் குதிச்சேன்.

"கதவச் சாத்தும்போது இருந்துச்சு. இப்ப இருக்கான்னு எனக்குத் தெரியாது. வா, புள்ளகிட்ட சொல்லுவோம்."

"நீ சொல்லுக்கா."

"மாத்தி வச்சது நானா?"

சொன்னேன் புஷ்பம். இந்த இஸ்தோப்புலதான், அந்தப் புள்ள முன்னால குந்தி ஒக்காந்து சொன்னேன். செத்துருச்சுன்னு நெனச்சேன், நீ அழுவேன்னு பயந்து வேறத வச்சேன், இத வீசிட்டேன்னு. கல்யாணம் பேச வந்தவங்க முன்னாலகூட நான் அப்புடி நடுங்கல. அவ கேட்டுட்டு, "எனக்குத் தெரியும், நீ சொல்லுவியான்னுதான் பாத்தேன்"ன்னா. பாத்தியா எமகாதகிய!

ஆயாக்கா ஒரு பழைய துணிய வெதுவெதுன்னு தண்ணியில நனச்சு, புழிஞ்சு, அது மேல பெரிய தொரைய வச்சிச்சு. கதவ நகத்தால பேத்து எடுக்கக்கூடாது, தட்டக்கூடாது, தண்ணியில முக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு. அன்னையில இருந்து தெனம் சாயங்காலம் வேல முடிஞ்சு நேரா இங்கதான் வரும். எடுத்துக் கனம் பாக்கும், மோந்து பாக்கும், வச்சிரும். தர்ஷினி அது மாதிரியே பொறங்கைய நத்தைகிட்ட வச்சுப் பாத்தா.

"அதுக்கு மூக்கு எங்க இருக்குன்னு ஒனக்குத் தெரியுமாடி?"

"தெரியாது ஆயாம்மா."

"எனக்குந் தெரியாது. அதனாலதான் கனம் பாக்குறேன்."

"இருக்கா, இல்லையா?"

"இன்னும் தெரியல. தெரிஞ்சா சொல்றேன்."

மறுநாளும் அதேதான். "தெரியல." அதுக்கு மறுநாளும் "தெரியல." நான் நெனச்சேன், என்ன இது, ஒரு புள்ளைக்கு ஆறுதலா ஒரு வார்த்த சொல்லத் தெரியலையே இந்தக் கெழவிக்குன்னு. ஆனா அந்தப் புள்ள அந்தத் 'தெரியல'யக் கேட்டுட்டு உள்ள போயி, நல்லாச் சாப்புட்டுட்டு, காலு மேல காலப் போட்டுத் தூங்கிருச்சு. நான் ஒளிஞ்சு நின்னு பாத்தேன். சோத்த நாக்குல வச்சுக்கூட பாக்கல.

நாலாம் நாளு சாயங்காலம். நனஞ்ச பப்படம் மாதிரி அந்த வெள்ளத் தாளு ஒரு பக்கம் தொங்கிருச்சு. ஆயாக்கா பேசாதன்னு கையக் காட்டுச்சு. மூணு பேரும் தலைய முட்டிக்கிட்டு பாக்குறோம். மொதல்ல ஒரு நொரை. அப்புறம் ஓரமா ஈரமா என்னமோ அசையுது. அப்புறம் ஒரே ஒரு கொம்பு, பாதிதான், நம்மளப் பாத்துட்டு டப்புன்னு உள்ள போயிருச்சு.

"இருக்கு" அப்புடின்னுச்சு ஆயாக்கா. அவ்வளவுதான். நான் போட்ட கூச்சல்ல ஒண்ணாம் நம்பர் காம்பராவுல இருந்து ஓடி வந்துட்டாங்க, என்னமோ ஏதோன்னு. எனக்கு வந்த சந்தோசம், அந்தப் புள்ள பொறந்தன்னைக்கு வந்த மாதிரி! தர்ஷினி கத்தல. மெதுவாத் திரும்பி என்னையப் பாத்தா.

"அம்மாயி, அம்மா எப்ப வரும்?"

எத்தனையோ மாசம் கழிச்சுக் கேக்குறா. என் வாயி தொறந்துருச்சு. தைப் பொங்கலுக்குன்னு சொல்லத்தான் தொறந்துச்சு. ஆயாக்கா எம் பக்கம் பாக்கக்கூட இல்ல, ஈரத் துணிய மடிச்சுக்கிட்டு இருக்கு.

"தெரியாது புள்ள. ரெண்டு வருசத்துக்குத்தான் கையெழுத்துப் போட்டுருக்கு. அதுக்கு மேலயும் ஆவலாம். போன் வந்தா நீயே கேளு."

அழுதா. அழத்தான் செஞ்சா, என் மடியில படுத்து. எனக்கும் அழுகை. ஆனா மறுநா காலையில சோத்த வச்சா, பாக்காமத் தின்னுட்டுப் பள்ளிக்கூடம் போயிட்டா.

போன தீவாளிக்கு எம் மக வந்துட்டு மறுபடி போனா, அப்ப புள்ளைய எழுப்பி, எல்லாருமா மாத்தள பஸ் ஸ்டான்டு வரைக்கும் போயி அனுப்பி வச்சோம். அவளே பேக்கத் தூக்கிக் குடுத்தா. பஸ்ஸு போனதும் என் கையப் புடிச்சுக்கிட்டு நடந்தா, திரும்பி ரோட்டப் பாக்கல.

பெரிய தொரையா? அவரு மழைக்காலத்துல எறங்கிப் போயிட்டாரு. இவளே பாத்தியில விட்டுட்டா. இப்ப எனக்கு உப்புப் போடுறதுதான் தண்டன. ஒவ்வொண்ணா எடுத்து, வாயில செதுக்கு இருக்கான்னு பாத்துட்டுப் போட வேண்டியிருக்கு. மாத்தி வச்சோமே, அந்தச் சின்ன தொர, அத ஒரு அடையாளமும் வைக்காம பாத்தியில விட்டோமேன்னு அப்பப்ப சங்கடமா இருக்கும்.

ஆயாக்கா மவன் வந்து தம்புள்ளைக்குக் கூட்டிக்கிட்டுப் போயி ரெண்டு வருசமாவுது. காது சரியாக் கேக்காது. போன் எடுத்தா நான் யாருன்னுகூட கேக்காது. "இருக்கேன்டி"ன்னு சொல்லும், வச்சிரும். மண்ட கொழம்பிப் போச்சாமுல்ல! மேட்டு லயத்துக்காரிகிட்ட போயிச் சொல்லு, அவ ரெண்டு புள்ளைகளையும் அந்தக் கை தொட்டுப் பாத்துத்தான் வளத்துச்சுன்னு.

என்னடி தர்ஷினி, உள்ள இருந்து கத்துற? பைப்புல தண்ணி வந்துருச்சான்னா? வந்துரு... இரு, இரு. எனக்குத் தெரியலடி, இங்க இருந்து சத்தம் கேக்கல. போயிப் பாத்துட்டு வந்து சொல்றேன். புஷ்பம், அந்த வாளிய எடு.